பதிவேட்டில் பிறந்த பெயர்

இத்தாலியில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களை வரிசைப்படுத்தினால் ரோஸி, ரூஸ்ஸோ, ஃபெர்ராரி ஆகியவற்றோடு முதல் ஐந்து இடங்களுக்குள் எஸ்போஸிதோவும் வந்துவிடுகிறது. நேப்பிள்ஸ் நகரில் அதற்கே முதலிடம். ரோஸியும் ரூஸ்ஸோவும் செம்பட்டை முடியோ சிவந்த முகமோ கொண்ட யாரோ ஒரு முன்னோருக்கு ஊரார் வைத்த அடையாளப் பெயர்கள். ஃபெர்ராரி, கொல்லர் குடும்பத்தின் பெயர். எஸ்போஸிதோவின் வரலாறு வேறு. தாய் தகப்பன் இன்னார் என்று சொல்ல ஆளில்லாமல் விடப்பட்ட குழந்தைக்கு ஒரு தர்ம நிறுவனம் இட்ட பெயர் அது. இந்தப் பொருளைக் கேட்டதும் பலரும் உடனே ஒரு கணக்குப் போடுகிறார்கள்: இவ்வளவு பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது என்றால் நேப்பிள்ஸ் மக்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாகப் பிள்ளைகளைக் கைவிட்டிருக்க வேண்டும். வறுமை, ஒழுக்கம், தென்னித்தாலியரின் குணம் என்று அந்தக் கணக்குக்கு விளக்கங்களும் தயாராகக் கிடைக்கின்றன. அந்தக் கணக்கு அடிப்படையிலேயே பிழை என்பது என் முடிவு. எஸ்போஸிதோ என்ற பெயர் இவ்வளவு பெருகியதற்குக் காரணம், பெயர் எழுதிய எழுத்தர்களின் நெடுநாள் வழக்கம். எத்தனை குழந்தைகள் விடப்பட்டன என்பதற்கு அது அளவுகோல் ஆகாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் 'எக்ஸ்போனெரே' என்ற வினைக்கு வெளியே வைத்தல் என்று பொருள். வெளியே வைக்கப்பட்டவன் 'எக்ஸ்போஸிதுஸ்'. ரோமானியர் காலத்தில் இது சட்டத்தில் பழகிய சொல். பிறந்த குழந்தையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை தகப்பனுக்கு இருந்தது. ஏற்காத குழந்தையை யார் கண்ணிலாவது படும் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை யாருக்குச் சொந்தம், அடிமையா சுதந்திரனா என்ற வழக்குகளில்தான் இந்தச் சொல் அதிகம் புழங்கியது. எடுத்து வளர்ப்பவர் அந்தப் பிள்ளையை மகனாகவோ அடிமையாகவோ வைத்துக்கொள்ளலாம் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் 331இல் சட்டம் செய்தார். 374இல் சிசுக்கொலை மரண தண்டனைக்குரிய குற்றமானது. 529இல் ஜஸ்டினியன், இப்படி விடப்பட்ட குழந்தைகள் யாவரும் சுதந்திரர்களே, யாரும் அவர்களை அடிமையாக உரிமை கோர முடியாது என்று அறிவித்தார். ஆக, இந்தச் சொல் முதலிலிருந்தே நீதிமன்றத்திலும் ஆவணத்திலும் வாழ்ந்த சொல். ஒரு மனிதரின் சட்ட நிலையைக் குறிப்பதுதான் அதன் வேலையாக இருந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அலுவலகத் தன்மை அதைவிட்டு நீங்கவில்லை. இதற்கு நல்ல சான்று பெயரின் ஒலியிலேயே இருக்கிறது. இத்தாலியப் பேச்சில் 'எஸ்போர்ரே' என்ற வினையின் இறந்தகால எச்சம் 'எஸ்போஸ்தோ'. நடுவிலிருந்த இகரம் பல நூற்றாண்டுப் புழக்கத்தில் தேய்ந்து விழுந்துவிட்டது. குடும்பப் பெயரில் மட்டும் அந்த இகரம் அப்படியே நிற்கிறது. அழுத்தமும் லத்தீனில் விழுந்த இடத்திலேயே, 'போ' என்ற அசையின்மேல் விழுகிறது. வெளிநாட்டார் பலர் 'ஸி'யை அழுத்தி உச்சரிப்பதை நேப்பிள்ஸ்காரர்கள் உடனே திருத்துவார்கள். தெருவில் பிறந்து வாய்வழி வந்த சொல்லாக இருந்தால் எஸ்போஸ்தோ என்றுதான் ஆகியிருக்கும். பொலோஞ்ஞா நகரில் அப்படித்தான் ஆயிற்று. அங்கே இதே வகைக் குழந்தைகளின் வழிவந்தோர் 'தேல்யி எஸ்போஸ்தி', அதாவது விடப்பட்டோரைச் சேர்ந்தவர் என்று பேச்சு வடிவில் பெயர் கொண்டிருக்கிறார்கள். நேப்பிள்ஸ் வடிவமோ லத்தீன் படித்த எழுத்தர் ஒருவர் பதிவேட்டில் எழுதும் வடிவம். நேப்பிள்ஸ் தெருக்களில் மக்கள் இந்தப் பிள்ளைகளை 'மடோன்னாவின் பிள்ளைகள்' என்றார்கள், மாதாவின் பிள்ளைகள் என்ற பொருளில். அந்த அன்பான வழக்குப் பெயர் குடும்பப் பெயராக நிலைக்கவில்லை. எழுத்தரின் வறண்ட லத்தீன்தான் நிலைத்தது. பெயர் எங்கே உருவானது என்பதை இந்த ஓர் இகரம் காட்டிக்கொடுக்கிறது.

எழுத்தர் உட்கார்ந்திருந்த இடமும் நமக்குத் தெரியும். நேப்பிள்ஸின் பழைய நகரப் பகுதியில், 14ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட அன்னுன்சியாத்தா என்ற புனித இல்லம் இருக்கிறது. தேவாலயம், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் ஒரே வளாகம். 1757இல் தீயில் அழிந்த தேவாலயத்தைக் கட்டடக் கலைஞர் லூயிஜி வான்விதெல்லியும் அவர் மகனும் மீண்டும் எழுப்பினார்கள். அங்கேதான் அந்தப் பெயர்பெற்ற சக்கரம், 'ருவோத்தா', இன்றும் காட்சிக்கு இருக்கிறது. சக்கரம் என்றால் வண்டிச் சக்கரம் போன்றது என்று எண்ண வேண்டாம். சுவரின் துவாரத்தில் நிறுத்தப்பட்டு, தன் அச்சில் சுழலும் ஒரு மர உருளை அது. ஒரு பக்கம் திறப்பு. தெருவில் நிற்பவர் குழந்தையை அந்தத் திறப்புக்குள் வைத்து உருளையைத் திருப்பினால் திறப்பு உள்பக்கமாகப் போய்விடும். உள்ளே இரவும் பகலும் காவலிருக்கும் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வாள். விட்டவர் முகத்தை எடுப்பவர் பார்க்க முடியாது. அதற்காகவே செய்யப்பட்ட பொறி அது. எடுத்த குழந்தையைக் குளிப்பாட்டி, ஞானஸ்நானம் செய்து, பதிவேட்டில் எழுதிய பிறகு பாலூட்ட ஒரு செவிலித்தாயிடம் ஒப்படைப்பார்கள். பல குழந்தைகள் நகருக்கு வெளியே கிராமத்துப் பெண்களிடம் போயின. குழந்தையோடு சிலர் ஓர் அடையாளமும் வைத்துவிடுவது இத்தாலி எங்கும் இருந்த வழக்கம். புளோரன்ஸ் நகரக் காப்பகத்தின் அருங்காட்சியகத்தில் இரண்டாக வெட்டிய பதக்கங்கள் இருக்கின்றன. ஒரு பாதி குழந்தையின் கழுத்தில், மறு பாதி தாயின் கையில். என்றாவது வந்து கேட்கும்போது இரண்டும் பொருந்த வேண்டும். அருங்காட்சியகத்தில் இருப்பவை, மறு பாதி வந்து சேராத பாதிகள்.

குடும்பப் பெயர் என்பது இந்தக் குழந்தைகளுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இடைக்கால இத்தாலியில் எளிய மக்கள் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. இன்னார் மகன் இன்னார் என்றால் போதும். இன்னார் மகன் என்று சொல்ல முடியாத குழந்தைக்கு அங்கேதான் இடர். 1563இல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தது. அதன்பின் எழுத்தர் ஒவ்வொரு பக்கத்திலும் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும். தகப்பன் பெயருக்குரிய இடத்தில் அவர் குழந்தையின் நிலையை எழுதினார். அடுத்த குழந்தைக்கும் அதையே எழுதினார். அவருக்குப் பின் வந்தவரும் அதையே எழுதினார். அந்தக் குழந்தை வளர்ந்து திருமணப் பதிவுக்கு வந்தபோது ஏற்கெனவே எழுதியிருந்த நிலைச்சொல்லைக் குடும்பப் பெயராகப் படித்தார்கள். அவர் மகனுக்கு அது பரம்பரைப் பெயராயிற்று. நேப்பிள்ஸ் அரசின் பிற ஊர்களிலும், கப்புவா, அவெர்சா, சுல்மோனா என்று, அன்னுன்சியாத்தா பெயரில் இதே மாதிரி இல்லங்கள் இருந்தன. தலைநகரின் வழக்கத்தை ஒட்டியே அங்கும் வேலை நடந்தது. நேப்பிள்ஸைச் சுற்றியுள்ள கம்பானியாவில் இந்தப் பெயர் ஊருக்கு ஊர் காணப்படுவதற்கு இதைத் தாண்டி வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மற்ற நகரங்களை அருகில் வைத்துப் பார்த்தால் வாதம் இன்னும் உறுதிப்படும். புளோரன்ஸில் புருனெல்லெஸ்கி 1419இல் வடிவமைத்த காப்பகம் 1445இல் கதவைத் திறந்தது. முதலில் வந்த பெண் குழந்தைக்கு அகாத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். அவள் வந்த பிப்ரவரி 5 புனித அகாத்தாவின் திருநாள். அந்தக் காப்பகத்துக்கு 'இன்னொச்சென்தி', மாசற்றோர், என்று பெயர். ஏரோது மன்னன் கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவாக வந்தது. அங்கே வளர்ந்தவர்களின் வழியில் இன்னொச்சென்தி, தெல்யின்னொச்சென்தி என்ற குடும்பப் பெயர்கள் பரவின. ரோம் நகரத்துச் சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையைச் சுற்றி 'புரொயெத்தி' பரவிற்று. எறியப்பட்டோர் என்பது அதன் லத்தீன் மூலப் பொருள். எஸ்போஸிதோவைவிடக் கடுமையான சொல். ரோமின் புகழ்பெற்ற நடிகர் ஜிஜி புரொயெத்தியின் பெயரில் இருப்பது அதுதான். ரோமாஞ்ஞா பகுதியில் 'கசாதேயி', கடவுளின் வீடு. மிலானில் நடந்ததுதான் நேப்பிள்ஸுக்கு மிக நெருக்கமான இணை. அங்கே பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. அதன் குழந்தைகளைப் புறாக்குஞ்சுகள் என்றே அழைத்தார்கள். அவர்களுக்கு 1825 வரை 'கொலோம்போ' என்ற பெயரை இட்டு வந்தார்கள். லொம்பார்தியாவின் பரவலான குடும்பப் பெயர்களில் கொலோம்போ முன்னணியில் இருக்கிறது. செல்வம் கொழித்த வடக்கு மிலானும் தெற்கு நேப்பிள்ஸும் இந்த விஷயத்தில் ஒரே விளைவைக் காட்டுகின்றன. இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ஒரே பெரிய நிறுவனம், நெடுங்காலம், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பெயர். மிலான்காரர்களைப் பற்றிக் கொலோம்போவை வைத்து யாரும் ஒழுக்க ஆராய்ச்சி செய்வதில்லை. புறா என்ற பொருள் இனிமையாக இருப்பதால் அதன் பிறப்பு மறைந்துவிட்டது. எஸ்போஸிதோவின் பொருள் வெளிப்படையாக இருப்பதால் பழி முழுவதும் அதன் தலையில் விழுந்தது.

காலக் கணக்குத்தான் எல்லாவற்றையும்விட வலுவான சான்று. நெப்போலியனின் மைத்துனர் ஜோவாக்கிம் மூரா 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸின் அரசராக இருந்தார். அவர் ஆட்சிக்காலத்தில் விடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போஸிதோ என்று பெயரிடுவது தடை செய்யப்பட்டது. பெயரே ஒருவரின் பிறப்பை ஊருக்கு அறிவிக்கக் கூடாது என்பது நோக்கம். ஆனால் இத்தாலியில் குழந்தைகளைச் சக்கரத்தில் விடுவது உச்சத்தை எட்டியது அதற்குப் பிறகு, 19ஆம் நூற்றாண்டில். 1811இல் நெப்போலியனின் ஆணை அவர் பேரரசின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு சக்கரம் இருக்க வேண்டும் என்றது. மக்கள்தொகை பெருகியது, நகரங்கள் பெருத்தன, கூலிக்குப் போகும் பெண்கள் பெருகினார்கள். நேப்பிள்ஸின் சக்கரம் 1875இல்தான் மூடப்பட்டது. ஆக, மிக அதிகமான குழந்தைகள் உள்ளே வந்த அறுபது ஆண்டுகளில் எஸ்போஸிதோ என்ற பெயர் சட்டப்படி இடப்படவே இல்லை. பெயரின் எண்ணிக்கை, விடப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையைக் காட்டுவதாக இருந்தால், உச்சக்கட்டத்துக்கு முன்பே நின்றுபோன பெயர் இத்தாலியின் முதல் ஐந்துக்குள் வந்திருக்க முடியாது. இன்றைய எஸ்போஸிதோக்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு பிறப்பதற்கு முன் வாழ்ந்த முன்னோர்களின் வழியினர். பெயருக்குப் பலம் கொடுத்தது அதற்கு முன் நூறு நூறு ஆண்டுகளாக ஒரே பெயரை எழுதிவந்த பழக்கம்.

இங்கே சாவைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. காப்பகங்களுக்கு வந்த குழந்தைகளில் பெரும்பங்கு பிழைக்கவில்லை. நெரிசல், நோய், பாலூட்டப் போதிய பெண்கள் இல்லாமை என்று காரணங்கள் எல்லா ஊர்களிலும் ஒன்றே. பாதிக்கு மேல் இறந்த ஆண்டுகள் சாதாரணம். இறந்த குழந்தை பெயரைக் கடத்துவதில்லை. பிழைத்த பெண்களும் கடத்தவில்லை. இத்தாலியப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பார்கள் என்றாலும், பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர்தான் போனது. இந்தத் தானியங்கு விதியை அரசியல் சாசன நீதிமன்றம் 2022இல்தான் செல்லாது என்றது. ஆக, பெயர் நம் காலம்வரை வர ஒரு குழந்தை ஆணாகப் பிறந்து, பிழைத்து, வேலை கற்று, மணம் முடித்து, ஆண் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். 1874இல் கால்ட்டனும் வாட்சனும் குடும்பப் பெயர்கள் எப்படி அழிகின்றன என்பதைக் கணிதமாக ஆராய்ந்தார்கள். ஒரே முன்னோரிடம் தொடங்கிய பெயர்கள் சில தலைமுறைகளில் அழிந்துபோவதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்று அந்தக் கணக்கு காட்டியது. எஸ்போஸிதோவை அந்த விதி தொட முடியவில்லை. ஒரு கிளை அற்றுப்போனால் அடுத்த ஆண்டே புதிய கிளைகள் பதிவேட்டில் தோன்றிவிடும். வெட்ட வெட்டத் துளிர்க்கும் வாழைக்கன்று போல அது ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கியது. ரோஸியும் அப்படித்தான். ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாகப் பிறந்ததால்தான் அது முதலிடத்தில் இருக்கிறது. இரண்டு எஸ்போஸிதோக்கள் சந்தித்தால் அவர்கள் உறவினராக இருக்க வேண்டிய அவசியம் ஏதும் இல்லை.

இனி மறுப்புகள். நேப்பிள்ஸ் 1503 முதல் 1707 வரை ஸ்பானிய ஆளுநர்களின் கீழ் இருந்தது. ஸ்பெயினில் 'எக்ஸ்போஸிதோ' என்றே ஒரு குடும்பப் பெயர் உண்டு, பிறப்பும் இதே மாதிரி. அங்கே 1794இல் நான்காம் கார்லோஸ் மன்னர் இந்தக் குழந்தைகளை இழிவாக நடத்தக் கூடாது என்று ஆணையிட்டார். எனவே நேப்பிள்ஸ் பெயர் ஸ்பானிய இறக்குமதி என்று சிலர் வாதிடலாம். ஸ்பானிய எழுத்தர்களின் வழக்கம் நேப்பிள்ஸ் எழுத்தரின் கையைப் பலப்படுத்தியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இகரம் தேயாத வடிவம் நிலைத்ததில் அதற்கும் பங்கிருக்கலாம். ஆனால் சிசிலியும் அதே ஸ்பானிய ஆட்சியில்தான் இருந்தது. அங்கே எஸ்போஸிதோ இந்த அளவுக்குப் பெருகவில்லை. கிழக்குச் சிசிலியில் கண்டெடுக்கப்பட்டவன் என்ற பொருளில் 'திரொவாத்தோ' பரவியிருக்கிறது. ஆட்சிமொழி காரணமாக இருந்திருந்தால் இரண்டு இடங்களிலும் ஒரே விளைவு வந்திருக்க வேண்டும். வேறுபட்டது நிறுவனம், அதனால் பெயரும் வேறுபட்டது. இதோடு இன்னோர் எச்சரிக்கையும் தேவை: இந்த வகைப் பெயர் உள்ள எல்லாரையும் விடப்பட்ட குழந்தையின் வழியினர் என்று கொள்ளக் கூடாது. கொலோம்போ இடைக்காலத்தில் சாதாரண ஆள் பெயராகவும் வழங்கியது. கடல் கடந்த கிறிஸ்தோபர் கொலம்பஸ் ஜெனோவாவில் நெசவாளி ஒருவரின் மகன். தகப்பன் பெயர் தெரியும். இன்னொச்சென்தியிலும் இன்னொச்சென்ஸோ என்ற ஆள் பெயரிலிருந்து வந்த கிளைகள் இருக்கலாம். எஸ்போஸிதோவில் மட்டும் அப்படி வேறு ஊற்றுக்கு இடமில்லை என்பதால்தான் இந்த ஆராய்ச்சிக்கு அது தெளிவான பொருளாகிறது.

இன்னொரு மறுப்பு ஒழுக்கத்தைப் பற்றியது, அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். எஸ்போஸிதோ என்றால் மணமாகாத தாயின் பிள்ளை என்று பொருள் கொள்வது பழைய வழக்கம். மணமாகாத தாய்மார் பலர் திருச்சபை, ஊர், காவலர் எல்லாருடைய நெருக்குதலுக்கும் உட்பட்டுப் பிள்ளையைப் பிரிந்தார்கள் என்பது உண்மை. டேவிட் கெர்ட்சர் என்ற வரலாற்றாய்வாளர் 1993இல் வெளியிட்ட நூல் அதை விரிவாகக் காட்டுகிறது. குடும்ப மானத்தைக் காக்கப் பிள்ளையைத் தியாகம் செய்யும்படி அந்தப் பெண்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். ஆனால் அது முழுக் கதை ஆகாது. 19ஆம் நூற்றாண்டு மிலானை ஆராய்ந்த ஃபோல்க்கர் ஹூனெக்கெ, அங்கே சக்கரத்துக்கு வந்த குழந்தைகளில் பெரும்பகுதி திருமணமான தொழிலாளிப் பெற்றோரின் பிள்ளைகள் என்று கண்டார். தாய் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும், வேலைக்குப் போனால் பாலூட்ட முடியாது. அதனால் பால்குடி மறக்கும்வரை நிறுவனத்தின் செலவில் வளரட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு வந்து மீட்டுக்கொண்டவர்களும் பலர். வெட்டிய பதக்கத்துக்குப் பயன் இருந்தது அதனால்தான். மீட்கப்பட்ட பிள்ளை பெற்றோர் பெயருக்குத் திரும்பிவிடும். பெயர்ப் பட்டியலில் அதற்குத் தடயம் இராது. ஒரு குடும்பப் பெயரை வைத்து ஒரு நகரத்துத் தாய்மாரின் நடத்தையை எடைபோடுவது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

தடைக்குப் பிறகு எழுத்தர்கள் கற்பனையைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. நேப்பிள்ஸ் அரசில் 1809இல் சிவில் பதிவு தொடங்கியது. 1804இல் வந்த நெப்போலியன் சட்டத்தொகுப்பின் 58ஆம் பிரிவின்படி, புதிதாகப் பிறந்த குழந்தையைக் கண்டெடுத்தவர் அதன்மேல் இருந்த துணி முதலிய பொருள்களோடு அதை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். நாள், இடம், தோராயமான வயது, ஆணா பெண்ணா, இட்ட பெயர் எல்லாவற்றையும் விரிவாகப் பதிய வேண்டும். அந்த ஏடுகளில் பழைய துணியின் நிறமும் நாடாவின் நிறமும்கூட எழுதியிருக்கும். பெயர் மட்டும் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், அடுத்தடுத்த இரண்டு குழந்தைகளுக்கு ஒரே பெயர் இருக்கவும் வேண்டியதில்லை. பிற்காலச் சட்டங்கள் இதே திசையில் போயின. 1923இல் எஞ்சிய சக்கரங்கள் நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டன. பெற்றோர் பெயருக்குரிய இடத்தில் 'பெயர் தெரியாது' என்பதன் லத்தீன் சுருக்கமான என்.என். என்று எழுதும் கொடிய வழக்கம் 1955இல் வந்த சட்டத்தால் அடையாள ஆவணங்களிலிருந்து நீங்கியது. 2000ஆம் ஆண்டின் சிவில் பதிவு விதிகள், பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அதன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயரையோ குடும்பப் பெயரையோ இடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. எனவே 19ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் சக்கரத்தின் வழியே வந்த ஆயிரக்கணக்கானோரின் வழியினர் இன்று எந்தப் பெயரோடும் இருக்கலாம். தன் முன்னோரைத் தேடும் எஸ்போஸிதோ ஒருவருக்குப் பெயரே வழிகாட்டி, பழைய இல்லத்தின் ஏடுவரை கொண்டுபோய் விடும். மற்றவர்கள் பரம்பரைப் பெயர் என்று நம்பியிருப்பதைப் பிறப்புப் பதிவைத் திறந்து பார்க்கும்போதுதான், அது ஒரு காலையில் ஓர் அதிகாரி யோசித்து எழுதிய பெயர் என்று அறிய வருவார்கள்.